மாண்டலேயில் படிக்கும் பிள்ளைக்கு ஞாயிறு பிரசங்கத்தை 5 எம்பிக்குள் அனுப்புவது எப்படி?

யாங்கோனிலிருந்து மாண்டலே, மகுவே என்று படிக்கப் போகும் எங்கள் சபைப் பிள்ளைகள், முதல் மாதம் ஆராதனை நேரலை எதில் வருகிறது என்று கேட்பார்கள். அப்புறம் கேட்பது நின்றுவிடும். விசுவாசம் குறைந்துவிட்டது என்று பெரியவர்கள் வருத்தப்படுவார்கள். காரணம் அது இல்லை. 2021 பிப்ரவரியிலிருந்து மியான்மரில் ஃபேஸ்புக் தடையில் இருக்கிறது, விபிஎன் இல்லாமல் திறக்காது. ஹாஸ்டலில் கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அதனால் எங்கள் வாலிபர் ஐக்கியம் நேரலையை விட்டுவிட்டுச் சின்ன ஆடியோவுக்கு மாறியது. நன்றாக நடக்கிறது.

முதலில் பட்டியல். பிள்ளை பஸ் ஏறுவதற்கு முன்பே அவருடைய நம்பர், அறைத்தோழர் நம்பர், ஹாஸ்டல் முகவரி மூன்றையும் காகிதத்தில் எழுதி வாங்குங்கள். போனில் மட்டும் வைத்தால் போதாது. 2025 மார்ச் 28 பூகம்பத்துக்குப் பிறகு, லைன் திரும்பக் கிடைத்ததும் ஒவ்வொரு பிள்ளையாகத் தேடிப் பிடிக்க உதவியது இந்தக் காகிதம்தான்.

பதிவு. போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, பிரசங்க மேடை மேல், ஸ்பீக்கரை விட்டுத் தள்ளி வையுங்கள். பிரசங்கம் மட்டும் போதும். முழு ஆராதனையையும் அனுப்பினால் யாரும் கேட்பதில்லை.

சுருக்குவது. பலர் நின்றுபோகும் இடம் இது, அதனால் நிதானமாகச் சொல்கிறேன். 20 நிமிடப் பிரசங்கம் 128 கேபிபிஎஸ் (ஒரு வினாடி ஒலிக்குச் செலவாகும் டேட்டா அளவு) எம்பி3-இல் சுமார் 19 எம்பி வரும். அதையே 32 கேபிபிஎஸ்ஸில் வைத்தால் 5 எம்பிகூட வராது. பேச்சுக்கு 32 தாராளம். கம்ப்யூட்டரில் ஆடாசிட்டி என்ற ஆடியோ எடிட்டிங் மென்பொருளைப் போடுங்கள், இலவசம். போன் செயலிகள் விளம்பரத்திலேயே டேட்டாவைத் தின்றுவிடும், எனக்கு அவை பிடிக்காது. எக்ஸ்போர்ட் பெட்டியில் எம்பி3, மோனோ, 22050 ஹெர்ட்ஸ், கான்ஸ்டன்ட், 32 கேபிபிஎஸ் என்று தேர்ந்தெடுங்கள்.

மோனோவை மறக்க வேண்டாம். ஸ்டீரியோவாக விட்டால் அதே 32 கேபிபிஎஸ் இரண்டு சேனலுக்கும் பங்காகி, பாஸ்டர் ஐயா தண்ணீருக்குள் இருந்து பேசுவதுபோல் கேட்கும். எங்கள் முதல் சில பதிவுகளில் மைக்கையும் போனையும் மாற்றி மாற்றிப் பார்த்தோம், குறை இந்த ஒரு பொத்தானில்தான் இருந்தது.

(பிறகு சேர்த்தது: போனில் பதிவான எம்4ஏ கோப்பு ஆடாசிட்டியில் திறக்கவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். விண்டோஸில் அதற்கு எஃப்எஃப்எம்பெக் என்ற துணை மென்பொருளைத் தனியாக நிறுவ வேண்டும். போன் ரெக்கார்டர் செட்டிங்கிலேயே வேவ் என்று மாற்றிக்கொள்வது சுலபம்.)

அனுப்புவது. வைபர் குரூப்பில் போடுங்கள், ஆனால் அதோடு விடாதீர்கள். ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லித் தனியாக ஒரு வரி எழுதுங்கள்: "தம்பி, பரீட்சை எப்படிப் போச்சு? பிரசங்கம் குரூப்ல இருக்கு." பதில் இந்த வரிக்குத்தான் வரும். கீர்த்தனை வரிகளைப் பர்மிய எழுத்திலும் தட்டச்சு செய்து சேருங்கள். வீட்டில் தமிழ் பேசினாலும் தமிழ் எழுத்து வாசிக்காத பிள்ளைகள் நம்மில் நிறைய.

அந்த ஊர்ச் சபை. ஆடியோ வந்தால் போதும் என்று பிள்ளை அறையிலேயே இருந்துவிடக் கூடாது. பாஸ்டரிடம் ஒரு அறிமுகக் கடிதம் வாங்கி, பக்கத்துப் பர்மிய சபைக்குக் கொடுத்து அனுப்புங்கள். அங்கே வாசிப்பது பெரும்பாலும் அமெரிக்க மிஷனரி ஜட்சன் 1834-இல் பர்மியத்தில் மொழிபெயர்த்து முடித்த வேதாகமமாக இருக்கும். அந்தப் பழைய நடை முதலில் கடினம், கூடவே நம் தமிழ் வேதாகமத்தையும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

திருப்பி வாங்குவது. மாதம் ஒருமுறை வேதபாடத்தை வெளியூர்ப் பிள்ளை ஒருவர் வாசித்துப் பதிவு செய்து அனுப்பட்டும், அதை ஆராதனையில் போடுங்கள். பெயர் சொல்லிப் போடும்போது அவருடைய அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். அதே 32 கேபிபிஎஸ், அதே மோனோ. சனிக்கிழமை மாலைக்குள் வாங்கிவிடுங்கள், ஞாயிறு காலை அங்கே கரண்ட் இருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது.