எல்லாமே மரு இல்லை: தோலில் மருந்து வைப்பதற்கு முன்

கழுத்தில் தொங்கும் சின்னத் தோல் முடிச்சு, விரலில் சொரசொரப்பாக எழும்பும் காய்ப்பு, கன்னத்தில் மிளகு தூவியதுபோல் வரும் கறுப்புப் பொட்டுகள். இவை எல்லாவற்றுக்கும் நம் வீடுகளில் ஒரே பெயர், மரு. பெயர் ஒன்றாகிவிட்டதால் மருந்தும் ஒன்றாகிவிடுகிறது. தவறு அங்கேதான் தொடங்குகிறது.

விரலிலும் உள்ளங்காலிலும் சொரசொரவென்று வருவது ஹெச்பிவி என்ற வைரஸால் வரும் மரு. அது ஒட்டிக்கொள்ளும், பரவும். கழுத்து, அக்குள், இமையில் மெத்தென்று தொங்குவது அப்படி ஒட்டிப் பரவும் மரு இல்லை. தோல் மடிப்பில் உராய்வு, உடல் எடை, கர்ப்பகாலம், சர்க்கரை நோய் போன்றவற்றோடுதான் அது சேர்ந்து வருகிறது. கன்னத்துக் கறுப்புப் பொட்டுகள் பெரும்பாலும் பரம்பரையாக வருபவை, தொற்றாதவை.

என் சித்தி கழுத்தில் தொங்கியதற்குச் சுண்ணாம்பையும் சலவை சோடாவையும் குழைத்து வைத்தார். இரண்டும் காரம், தோலையே வேகவைத்துவிடும். மரு பாதி உதிர்ந்தது. அதைச் சுற்றி ஒரு ரூபாய் அளவுக்குப் புண்ணாகி, ஆறிய இடம் கறுத்துப்போனது. மாநிறத்திலும் கறுப்பிலும் இருக்கும் நம் தோலில் சூட்டுக்காயம் பெரும்பாலும் இப்படி நிறத்தை மாற்றிவிட்டுத்தான் போகும். எருக்கம்பால் இன்னும் மோசம். இமை மருவுக்கு வைக்கப்போய் அது கண்ணில் பட்டால் கருவிழி பாதித்துப் பார்வையே மங்கலாம். பட்டுவிட்டால் உடனே தண்ணீரால் நன்றாக அலசிவிட்டு, கண் மருத்துவரிடம் ஓட வேண்டும்.

சரி, கடையில் கிடைக்கும் சாலிசிலிக் ஆசிட்? நல்ல மருந்துதான், ஆனால் இந்த மூன்றில் வைரஸ் மருவுக்கு மட்டும். தடித்த மேல்தோலை அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. தொங்கும் முடிச்சில் அப்படித் தடித்த தோல் கிடையாது. அங்கே வைத்தால் எரிச்சலும் புண்ணும்தான் மிச்சம்.

வைரஸ் மருவிலேயே இதைத் தப்பாகப் போடுகிறவர்கள் அதிகம். ஒரு வாரம் போட்டுவிட்டு, பலன் இல்லை என்று நிறுத்திவிடுவார்கள். விரல் மருவுக்கு வழக்கமாகத் தரும் 17 சதவீத மருந்தை 12 வாரம் வரை தொடர வேண்டியிருக்கும். ஐந்து நிமிடம் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, வெளுத்த மேல்தோலை நகம் தேய்க்கும் அரத்தால் மெதுவாகத் தேய்த்து எடுத்துவிட்டு, சுற்றிலும் வாசலின் தடவிக்கொண்டு, மரு மேல் மட்டும் ஒரு சொட்டு விட வேண்டும். அந்த அரத்தால் நல்ல தோலையோ நகத்தையோ தேய்க்காதீர்கள், இன்னொருவருக்கும் கொடுக்காதீர்கள், வைரஸும் கூடவே போகும். பிளேடால் சீவுவது வேண்டவே வேண்டாம். முகத்திலும் பிறப்புறுப்பிலும் இந்த மருந்து கூடாது. பிறப்புறுப்பு மருவுக்கு மருந்தே வேறு. சர்க்கரை நோய் உள்ளவர்களும் காலில் ரத்த ஓட்டம் குறைந்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. சின்னப் புண்கூட அவர்களுக்கு ஆறாமல் போகலாம்.

இணையத்தில் விற்கும் 'மரு, மச்சம் இரண்டும் உதிரும்' கிரீம்கள் பக்கமே போகாதீர்கள். மச்சத்தையோ தொங்கும் தோல் முடிச்சையோ நீங்களே வீட்டில் நீக்கிக்கொள்ள எந்த மருந்துக்கும் ஒப்புதல் தரவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. மச்சத்தில் எதையும் வைக்கக்கூடாது என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வடிவம் கோணலாகி, நிறம் பலவாகி, 6 மில்லிமீட்டருக்கு மேல் வளர்ந்து, மாறிக்கொண்டே இருக்கும் மச்சம் புற்றுநோயாக இருக்கலாம். நம்மைப் போன்ற கறுத்த தோலில் அது உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியில் வருவதுதான் அதிகம், அதாவது கால் ஆணி என்று நினைத்து விட்டுவிடும் இடத்தில். ஆசிட் வைத்து மேலே எரித்துவிட்டால் அடியில் இருப்பது மறைந்து வளரும், பரிசோதனைக்கு எடுப்பதும் சிக்கலாகும். ரத்தம் கசிந்தாலோ, ஆறாமல் இருந்தாலோ மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கழுத்தில் மருக்களோடு தோலும் கறுத்து, வெல்வெட் துணிபோல் தடித்திருந்தால், அழுக்கு என்று நார் போட்டுத் தேய்க்காதீர்கள். இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளமாக அது இருக்கலாம். முதலில் ரத்தச் சர்க்கரையைப் பாருங்கள்.

தொங்கும் மருவை எடுத்தே ஆகவேண்டும் என்றால் தோல் மருத்துவரிடம் அது சில நிமிட வேலை. வெட்டலாம், மின்சாரத்தால் சுடலாம், திரவ நைட்ரஜனால் உறையவைக்கலாம். முகத்தில் செய்வதாக இருந்தால், உறையவைத்த இடம் வெளுத்துப்போகுமா என்று முன்பே கேட்டுவிட்டு உட்காருங்கள்.