காலநிலைக் கொள்கைக்காக அரசிடம் கோரிக்கை வைப்பது எப்படி?

“காலநிலை மாற்றத்தைத் தடுக்க அரசு உடனடியாக நடவடிக்கை எடுக்க வேண்டும்” என்று எழுதி ஆயிரம் பேரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்த மனு, பெரும்பாலும் “பரிசீலிக்கப்படும்” என்ற பதிலோடு கோப்புக்குள் அடங்கிவிடும். அதிகாரியைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் கையெழுத்திட்டு நிறைவேற்றக்கூடிய எதையும் அந்த மனு கேட்கவில்லை. எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில், என்ன மாற்றம், எந்த ஆண்டுக்குள் என்று கேட்டால்தான் ஆம் அல்லது இல்லை என்று பதில் வரும்.

எனவே எழுதுவதற்கு முன் படிக்க வேண்டியவை சில உண்டு. 2015இல் ஏற்கப்பட்ட பாரிஸ் ஒப்பந்தத்தின்படி, அதில் இணைந்த ஒவ்வொரு நாடும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை, புவியைச் சூடாக்கும் வாயுக்களின் உமிழ்வைக் குறைக்கும் தன் திட்டத்தை அளிக்க வேண்டும். அளிக்கப்பட்ட திட்டங்கள் ஐ.நா.வின் இணையதளத்தில் யாரும் படிக்கக் கிடைக்கின்றன. உங்கள் அரசு அதில் என்ன எழுதிக் கொடுத்திருக்கிறது என்பதையும், மின்சாரம், போக்குவரத்து, வேளாண்மை ஆகிய துறைகளின் திட்டங்கள் என்ன சொல்கின்றன என்பதையும் அருகருகே வைத்துப் பார்த்தால், முரண்படும் இடங்கள் சில நிச்சயம் தென்படும். அவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அரசு தானே எழுதிக் கொடுத்ததைச் சுட்டிக்காட்டிக் கேட்பவரை, நடைமுறை அறியாதவர் என்று ஒதுக்குவது கடினம்.

அறிவியல் சான்றுக்கு, ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் அறிக்கைகளில் வரும் கொள்கை வகுப்போருக்கான சுருக்கமே போதுமானது. அதன் ஒவ்வொரு வரியும் அரசுகளின் பிரதிநிதிகள் கூடி ஒப்புதல் அளித்த பிறகே வெளியாகிறது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. புவி வெப்ப உயர்வை 1.5 டிகிரி செல்சியசுக்குள் நிறுத்த, 2030க்குள் கரியமில வாயு உமிழ்வு 2010ஆம் ஆண்டு அளவிலிருந்து ஏறத்தாழ 45 சதவீதம் குறைய வேண்டும் என்று கூறி 2018இல் வந்த சுருக்கமும் அப்படி ஒப்புக்கொள்ளப்பட்டதே.

கோரிக்கையின் வடிவத்துக்குப் பிரிட்டனை எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். அங்கே ‘ஃபிரண்ட்ஸ் ஆஃப் தி எர்த்’ அமைப்பு 2005இல் தொடங்கிய இயக்கம், ஆண்டுதோறும் உமிழ்வைக் குறைக்க அரசைக் கட்டாயப்படுத்தும் ஒரு சட்டம் வேண்டும் என்ற ஒன்றையே கேட்டது. ஆதரவாளர்கள் தத்தம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் அதையே திரும்பத் திரும்ப வலியுறுத்தினர். 2008இல் நிறைவேறிய காலநிலை மாற்றச் சட்டம், ஆண்டு இலக்குக்குப் பதிலாக ஐந்தாண்டு உமிழ்வு வரம்புகளைத்தான் தந்தது. ஆனால் அதைக் கண்காணிக்கத் தன்னாட்சி பெற்ற குழு ஒன்றும், அக்குழுவின் ஆண்டறிக்கைக்கு அரசு பதிலளிக்க வேண்டும் என்ற கட்டாயமும் கூடவே வந்தன. என் பார்வையில், அந்தக் கண்காணிப்பு ஏற்பாடு இலக்கின் சதவீதத்தைவிட மதிப்பு மிக்கது.

காலம் தவறினால் நல்ல கோரிக்கையும் வீணாகும். சட்டத்தின் அல்லது கொள்கையின் வரைவு வெளியாகி, மக்களிடம் கருத்துக் கேட்கப்படும் சில வாரங்களே திருத்தம் எளிதாக நடக்கும் காலம். அப்போது பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு, இப்போதுள்ள வாசகத்தையும் நீங்கள் முன்மொழியும் வாசகத்தையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, காரணத்தை ஒரே பத்தியில் சொல்லுங்கள். ஒரே வாசகத்தை நூறு பேர் நகலெடுத்து அனுப்புவதைவிட, மீனவரும் உழவரும் மருத்துவரும் தத்தம் தொழிலில் கண்டதை எழுதுவதே பயன் தரும், ஏனெனில் ஒரே மாதிரியான கடிதங்களைத் தொகுப்பவர் ஒரே கருத்தாகச் சுருக்கிவிட முடியும். சுற்றுச்சூழல் துறையோடு நின்றுவிடாமல் நிதித்துறைக்கும் அனுப்புங்கள். பணம் ஒதுக்கப்படாத கொள்கை அறிவிப்பாகவே நின்றுவிடும்.

அனுப்பிய ஒவ்வொன்றின் நகலையும், தேதியோடும் ஒப்புகைச் சீட்டோடும் சேர்த்து வையுங்கள். நெதர்லாந்தில் ‘உர்கெண்டா’ என்ற அமைப்பு 2012இல் அரசுக்குக் கடிதம் எழுதிக் கேட்டுப் பார்த்த பிறகே நீதிமன்றத்துக்குப் போனது. 2020ஆம் ஆண்டு முடிவதற்குள் உமிழ்வை 1990ஆம் ஆண்டு அளவிலிருந்து குறைந்தது 25 சதவீதம் குறைக்க வேண்டும் என்ற உத்தரவை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2019 டிசம்பரில் உறுதி செய்தபோது, அந்தக் கடிதம் எழுதி ஏழு ஆண்டுகள் கடந்திருந்தன.