பழைய பாய்மரப் படகா? விலை பேசும் முன் தளத்தைத் தட்டிப் பாருங்கள்

பழுதுள்ள ஃபைபர் கிளாஸ் பாய்மரப் படகுக்கு விலை பேசும் முன், ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியால் மேல்தளம் முழுவதையும் தட்டிப் பாருங்கள். 'டக் டக்' என்று கணீரெனக் கேட்டால் நல்லது. சத்தம் மந்தமாகும் இடங்களைச் சுற்றி காகித டேப் ஒட்டிப் படம் எடுங்கள். அப்புறம் ஒரு படகுப் பட்டறைக்காரரை நேரில் பார்க்க வைத்து, பழுதுச் செலவை எழுதி வாங்கிக்கொண்டு விற்பவரிடம் பேசுங்கள்.

1970, 80களில் அமெரிக்காவில் கட்டிய பல படகுகளின் தளத்தில், இரண்டு ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவே பால்சா என்ற எடை குறைந்த மரம் இருக்கும். கைப்பிடிக் கம்பிகளைத் திருகிய துளைகள் வழியே தண்ணீர் இறங்கி அது மக்கிவிடும். தட்டும்போது சத்தம் மந்தமாவது அதனால்தான். மேலே பெயின்ட் பளபளவென்று இருப்பதால் விற்பவருக்கே தெரியாமல் இருக்கலாம், அவர் சொல்லும் விலையில் இந்தச் செலவு சேர்ந்திருக்காது. "பழைய படகுதானே" என்று சொல்லி விலையைக் குறைக்கக் கேட்டால் மறுத்துவிடுவார். பட்டறைக்காரர் எழுதிய தொகையை அப்படி ஒதுக்குவது கடினம். கிழிந்த பாய், நைந்த மெத்தையை வைத்துப் பேரம் பேச வேண்டாம். அவை எல்லோர் கண்ணிலும் படுபவை, பெரும்பாலும் அவற்றைக் கழித்துத்தான் விலையே சொல்லியிருப்பார்.

இது நடுவில் மரம் வைத்த ஃபைபர் தளத்துக்கான சோதனை; மரப் படகு, இரும்புப் படகு, நடுவில் மரம் இல்லாத கெட்டி ஃபைபர் தளம் ஆகியவற்றுக்கானது அல்ல. எஞ்சின், பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள் பற்றியும் தட்டுவதால் எதுவும் தெரியாது. அதனால், 'சர்வேயர் (படகுகளைப் பரிசோதிக்கும் நிபுணர்) பரிசோதித்துத் திருப்தியானால் மட்டுமே வாங்குவேன், இல்லையென்றால் முன்பணம் திரும்ப வேண்டும்' என்று எழுதி வைத்துக்கொண்ட பிறகே முன்பணம் கொடுங்கள்.