ஊட்டிக் குளிரில் பார்ஸ்லி: தொட்டியில் வளர்த்து, கீரையாகச் சாப்பிட

ஓட்டல் தட்டின் ஓரத்தில் அலங்காரமாக வைத்து, கடைசியில் குப்பைக்குப் போகிற தழை பார்ஸ்லி. இதைக் கொத்தமல்லி போலத் தூவாமல், கீரையாக நினைத்துச் சாப்பிட வேண்டும். நறுக்கிய இலை அரை கப், அதாவது சுமார் 30 கிராம் எடுத்தால் 40 மில்லிகிராம் வைட்டமின் சி கிடைக்கும். ஒரு நாள் தேவையில் அது ஏறத்தாழ பாதி. இரும்புச்சத்து 2 மில்லிகிராம் அளவு, ஃபோலேட் 45 மைக்ரோகிராம். வைட்டமின் கே மட்டும் 490 மைக்ரோகிராம் வரை இருக்கும். அது ஒரு நாள் தேவையைப் போல நான்கு மடங்கு.

அந்த வைட்டமின் கே-தான் சிலருக்குச் சிக்கல். இதய வால்வு மாற்றியவர்கள், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், அசெனோகூமரால் மாத்திரை சாப்பிடுபவர்கள் திடீரென்று பார்ஸ்லியைக் கூட்டினால் மருந்தின் வேகம் குறைந்துவிடும். முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள். கர்ப்பிணிகள் சமையல் அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். விதை, எண்ணெய், செறிவான சாறு வேண்டவே வேண்டாம். அவற்றிலுள்ள ஏபியோல் என்ற பொருள் கருப்பையைச் சுருங்க வைக்கும். ‘கிட்னியைச் சுத்தம் செய்யும் பார்ஸ்லி தண்ணீர்’ என்று வாட்ஸாப்பில் வருவதை நம்பிக் குடிக்காதீர்கள். மனிதர்களிடம் அது நிரூபிக்கப்படவில்லை. சிறுநீரகக் கல் உருவாகக் காரணமாகும் ஆக்சலேட் என்ற உப்பும் இந்த இலையில் உண்டு. கல் வந்து போனவர்கள் அளவாகவே சாப்பிட வேண்டும்.

விதைப்பு

விதை ஓராண்டுக்குள் எடுத்ததாக இருக்கட்டும். பழைய விதை சரியாக முளைக்காது. வெதுவெதுப்பான நீரில் இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். விதைத்தோலில் முளைப்பைத் தடுக்கும் பொருள்கள் உள்ளன. அவை கொஞ்சமாவது கரைந்து வெளியேறும்.

ஆணிவேர் இறங்க 25 செ.மீ. ஆழமுள்ள தொட்டி தேவை. செம்மண் 2 பங்கு, மட்கிய சாணம் 1 பங்கு, மணல் 1 பங்கு. நீலகிரி மண் புளிப்புத்தன்மை கொண்டது என்பதால் 10 லிட்டர் கலவைக்கு ஒரு மேசைக்கரண்டி டோலமைட் (புளிப்பைக் குறைக்கும் சுண்ணாம்புக்கல் தூள்) சேருங்கள். விதையை அரை செ.மீ. ஆழத்தில் போட்டு, நனைந்த சாக்கால் மூடுங்கள். ஊட்டி, கோத்தகிரிக் குளிரில் முளைக்க நான்கைந்து வாரம்கூட ஆகலாம். பத்து நாளில் ஒன்றும் தெரியவில்லையே என்று மண்ணைக் கிளறுவதால்தான் பலருக்கு இது வராமல் போகிறது. முளை தெரிந்த அன்றே சாக்கை எடுத்துவிடுங்கள்.

நாற்றுகளுக்கு இடையே 20 செ.மீ. விடுங்கள். வேண்டாததைப் பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் ஆடும், கத்தரியால் வெட்டுங்கள். தென்மேற்குப் பருவமழையில் தொட்டியைக் கூரையோரம் நகர்த்துங்கள். நீர் தேங்கினால் தண்டின் அடி அழுகி, இலை மஞ்சளாகிச் சாயும். வேர் பிடித்த செடி லேசான உறைபனியைத் தாங்கும். ஆனால் குளிர்காலத்தைக் கடந்த செடி அடுத்து பூத்தண்டு விடும், இலை கசக்கும். அதனால் மார்ச், ஏப்ரலிலேயே அடுத்த தொட்டியை விதைத்துவிடுங்கள்.

அறுவடை

விதைத்த மூன்று மாதத்தில் பறிக்கலாம். வெளிவட்டத் தண்டுகளை மண்ணை ஒட்டி வெட்டுங்கள். நடுக்குருத்தைத் தொடாதீர்கள், புது இலை அங்கிருந்துதான் வரும். நுனியை மட்டும் கிள்ளினால் மொட்டைத் தண்டுகள் நின்று காய்ந்துபோகும்.

துவையல்

மூன்று பேருக்கு இலையும் இளந்தண்டும் 90 கிராம். ஒரு மேசைக்கரண்டி உளுத்தம்பருப்பு, 3 காய்ந்த மிளகாயை நல்லெண்ணெயில் சிவக்க வறுத்து, கால் கப் தேங்காய்த் துருவலும் சுண்டைக்காயளவு புளியும் சேர்த்துப் புரட்டுங்கள். அடுப்பை அணைத்த பிறகே பார்ஸ்லியைப் போட்டு, அரை நிமிடம் கிளறி, உப்போடு கொரகொரப்பாக அரையுங்கள். வதக்கிக்கொண்டே இருந்தால் நிறம் கருக்கும், வைட்டமின் சி-யும் போய்விடும். எண்ணெயும் தேங்காயும் ருசிக்கு மட்டுமல்ல. வைட்டமின் கே உடலில் சேரக் கொழுப்பு வேண்டும். முற்றிய தண்டுகளை ரசத்தில் போட்டுக் கொதிக்கவிட்டு எடுத்துவிடலாம்.

மிஞ்சிய தழையைத் தண்ணீர் ஊற்றிய டம்ளரில் தண்டு மூழ்க நிறுத்தி, ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் வாடாது. உலர்த்திய பார்ஸ்லியில் வைட்டமின் சி பெரும்பகுதி போய்விடும். மாதக்கணக்கில் வேண்டுமானால் அரைத்து, எண்ணெயில் குழைத்து ஃப்ரீசரில் வையுங்கள்.