கணக்காளரிடம் என்ன கேட்டு வாங்க வேண்டும்? மட்டக்களப்பு, அம்பாறை சிறு வணிகர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

எங்கள் பக்கத்தில் கடை, மில், தையல், தங்குமிடம் என்று தொழில் செய்கிற பலருக்கு நவம்பர் மாதம் வந்தால்தான் ஓடிட்டரின் ஞாபகம் வரும். பில்லுகளை ஒரு சொப்பின் பையில் கட்டிக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அவர் ஒரு தாளை நீட்டுவார். கையெழுத்து வைத்துவிட்டு வந்துவிடுவார்கள். தாளில் என்ன இருந்தது என்று கேட்டால், "அது சேருக்குத்தான் தெரியும்" என்பார்கள்.

கணக்காளருக்குக் கொடுக்கும் காசுக்கு, உங்கள் தொழில் எந்த நிலையில் இருக்கிறது என்பது உங்களுக்கே விளங்க வேண்டும். அதை எப்படிக் கேட்டு வாங்குவது என்று, முதல் தடவை கணக்காளர் வைக்கப்போகிறவர்களுக்காகப் படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: யாரிடம் போவது என்று முடிவு செய்யுங்கள்

பிரைவேட் லிமிட்டட் கம்பனியாகப் பதிந்திருந்தால், 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிச் சட்டப்படி தகுதியுள்ள கணக்காய்வாளர்தான் உங்கள் கணக்கை ஓடிட் பண்ண வேண்டும். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர் மட்டும் பதிந்து தனி ஆளாகக் கடை நடத்துபவருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அன்றாடக் கணக்கை ஒழுங்காக எழுதுகிற, வரி வேலை தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தாலே பாதிப் பாரம் குறையும். வங்கிக் கடன் என்று வரும்போது பட்டயக் கணக்காளரின் கையொப்பம் கேட்கக்கூடும். அதையும் முன்கூட்டியே விசாரித்து வையுங்கள்.

படி 2: முதல் சந்திப்பிலேயே கதைத்துக்கொள்ளுங்கள்

கூச்சப்படத் தேவையில்லை. "சேர், மாதா மாதம் எனக்கு என்ன தருவீங்க? வருடத்துக்கு எவ்வளவு? இறைவரித் திணைக்களத்தில் இருந்து கடிதம் வந்தால் நீங்க பதில் எழுதுவீங்களா, அதற்கு வேறு காசா?" என்று நேராகக் கேளுங்கள். கணக்கு எழுதுவதற்கு எவ்வளவு, வருடாந்தக் கணக்குக்கு எவ்வளவு, வரி விவரத்திரட்டுக்கு (வருமானத்தைத் திணைக்களத்துக்கு அறிவிக்கும் படிவம்) எவ்வளவு, ஈ.பி.எஃப் (ஊழியர் சேமலாப நிதி) வேலைக்கு எவ்வளவு என்று தனித்தனியாக ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்குகிறவர் என்றால், வேறு ஆளைப் பாருங்கள்.

படி 3: உங்கள் பக்கத்து வேலையைச் செய்யுங்கள்

கடைக்கென்று தனி வங்கிக் கணக்கு இருக்கட்டும். கடையில் இருந்து வீட்டுக்கு எடுத்த அரிசி, பிள்ளையின் டியூஷன் காசு எல்லாவற்றையும் "வீட்டுக்கு எடுத்தது" என்று அன்றன்றைக்கே கொப்பியில் எழுதுங்கள். இது எழுதப்படாவிட்டால் எவ்வளவு கெட்டிக்காரக் கணக்காளராலும் உங்கள் இலாபத்தைச் சரியாகச் சொல்ல முடியாது. பில், பற்றுச்சீட்டு, வங்கிக் கூற்று எல்லாவற்றையும் குறைந்தது 5 வருடங்கள் வைத்திருங்கள்.

படி 4: மாதம் ஒரு தாள் கேளுங்கள்

இந்த விளக்கத்தில் நான் அதிகம் அழுத்திச் சொல்வது இதைத்தான். ஒவ்வொரு மாதமும் ஒரே ஒரு பக்கம் வர வேண்டும். விற்பனை, கொள்வனவு, செலவு, கையில் உள்ள காசு, வர வேண்டிய கடன், கொடுக்க வேண்டிய கடன் ஆறும் அதில் இருந்தால் போதும்.

சம்மாந்துறைப் பக்கம் பசளையும் கிருமிநாசினியும் விற்கும் ஒரு கடை என்று வைத்துக்கொள்வோம். நவம்பர் மாதம், வயலில் வேலை நடக்கும் காலம். மாத விற்பனை 18 லட்சம். விற்ற சாமானின் கொள்விலை 15 லட்சம். வாடகை, சம்பளம், கரண்ட் எல்லாம் சேர்த்து 1 லட்சத்து 40 ஆயிரம். அப்போ இலாபம் 1 லட்சத்து 60 ஆயிரம். நல்ல மாதம்தான்.

ஆனால் அந்த 18 லட்சத்தில் 7 லட்சம் கடன். "வெள்ளாமை வெட்டித் தாறன்" என்று சொல்லி எடுத்துப் போனது. கையில் வந்தது 11 லட்சம். பழைய கடனில் ஒரு லட்சம் வந்தது, ஆக 12 லட்சம். சாமான் கொண்டுவந்தவர்களுக்குக் கொடுத்தது 12 லட்சம், செலவு 1 லட்சத்து 40 ஆயிரம். மாத முடிவில் கைக்காசு 1 லட்சத்து 40 ஆயிரம் குறைந்திருக்கிறது. இலாபம் கூடிய மாதத்திலேயே காசு குறைகிறது.

இதை விளங்காமல்தான் நல்ல வியாபாரிகள் கைமாற்று வாங்கி, வட்டிக்கு எடுத்து, செக் திரும்பி அலைகிறார்கள். மாதத் தாள் கையில் இருந்தால், பெரும்போக அறுவடை வரைக்கும் எத்தனை லட்சம் வெளியில் நிற்கும், அதுவரை எப்படிச் சமாளிப்பது என்று நவம்பரிலேயே கணக்காளருடன் உட்கார்ந்து கதைக்கலாம். தாளைத் தருவதோடு அவர் நிற்கக் கூடாது. "இந்த மாதம் கடன் கூடிப்போச்சு, ஆர் ஆரிடம் நிற்குது என்று பாருங்க" என்று சொல்லவும் வேண்டும்.

படி 5: மார்ச் 31ஆம் தேதி இருப்பை எண்ணச் சொல்லுங்கள்

எங்கள் மாவட்டங்களுக்கு இது மிக முக்கியம். இலங்கையில் வரி ஆண்டு ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடிகிறது. எங்கள் பெரும்போக அறுவடையும் அதற்குச் சற்று முன்னர்தான் முடிகிறது. அந்த நேரம் மில்காரரின் களஞ்சியம் நெல்லால் நிறைந்திருக்கும். புத்தாண்டு, பெருநாள் என்று துணிக்கடைகளிலும் புதுச் சரக்கு அடுக்கியிருக்கும்.

ஒரு மில்காரர் மூட்டை 8,000 ரூபாய்ப்படி 400 மூட்டை வாங்குகிறார். மொத்தம் 32 லட்சம். மார்ச் 31 அன்று 250 மூட்டை அப்படியே இருக்கிறது. அதன் பெறுமதி 20 லட்சம். இதை எண்ணி எழுதாமல் 32 லட்சத்தையும் செலவில் போட்டால், அந்த ஆண்டு இலாபம் 20 லட்சம் குறைவாகத் தெரியும். வங்கிக்குப் போனால் நட்டத்தில் ஓடும் மில் என்பார்கள். அடுத்த ஆண்டு அந்த நெல்லை விற்கும்போது இல்லாத இலாபம் வந்து நிற்கும், அதற்கு வரியும் வரும். ஆகவே மார்ச் 31 மாலை உங்கள் ஆள் ஒருவரும் கணக்காளரின் ஆள் ஒருவரும் சேர்ந்து எண்ணி, இருவரும் கையெழுத்து வைத்த பட்டியல் இருக்க வேண்டும். "போன வருடம் போலப் போடுவோம்" என்று அவர் சொன்னால் விடாதீர்கள்.

படி 6: தேதிகளை அவர்தான் ஞாபகப்படுத்த வேண்டும்

தனிநபர் வருமான வரியில் 2025/26 முதல் வருடத்துக்கு 18 லட்சம் வரை விலக்கு. அதற்கு மேலே வரும் முதல் 10 லட்சத்துக்கு 6 சதவீதம். வேறு வருமானம் இல்லாத ஒருவரின் வருட இலாபம் 24 லட்சம் என்றால், 6 லட்சத்துக்கு 36,000 ரூபாய் வரி. இதை நான்கு தவணையாக ஆகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15 ஆகிய தேதிகளில் 9,000 வீதம் கட்டலாம். மீதி இருந்தால் செப்டம்பர் 30க்குள், விவரத்திரட்டு நவம்பர் 30க்குள். அறுகம்பேயில் தங்குமிடம் வைத்திருப்பவருக்குப் பெப்ரவரி என்றால் கை வறண்ட காலம். சீசன் காசு வரும் ஆகஸ்டிலேயே ஒதுக்கி வையுங்கள் என்று அவருக்குச் சொல்வது கணக்காளரின் பொறுப்பு.

ஒரு ஊழியர் இருந்தாலும் ஈ.பி.எஃப், ஈ.டி.எஃப் (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி) உண்டு. சம்பளம் 40,000 என்றால் அவரிடம் 8 சதவீதம், 3,200 பிடிக்க வேண்டும். நீங்கள் ஈ.பி.எஃப் 12 சதவீதம், 4,800, ஈ.டி.எஃப் 3 சதவீதம், 1,200. அடுத்த மாதம் முடியுமுன் கட்டாவிட்டால் மேலதிகக் கட்டணம் ஏறும். உங்களிடம் வேலை செய்யும் பிள்ளையின் முதுமைக்கான காசு அது. கட்டிய பற்றுச்சீட்டை மாதா மாதம் கண்ணால் பாருங்கள்.

வற் (பெறுமதி சேர் வரி) பதிவுக்கான விற்பனை எல்லை 2022 அக்டோபரில் வருடத்துக்கு 30 கோடியில் இருந்து 8 கோடியாகவும், 2024 ஜனவரியில் 6 கோடியாகவும் இறங்கியது. இப்படி மாறுகிற ஒன்றைப் பழைய நினைப்பில் வைத்திருக்கக் கூடாது. விற்பனை பெரிதாக உள்ளவர்கள் ஒவ்வொரு காலாண்டும் "இப்ப எல்லை எவ்வளவு, நான் எவ்வளவில் நிற்கிறேன்" என்று கேளுங்கள்.

படி 7: சாவிகள் உங்களிடம் இருக்கட்டும்

டின் இலக்கம் (வரி செலுத்துநர் அடையாள இலக்கம்), இணையவழியில் வரி செலுத்தப் பயன்படும் பின் (PIN) இரகசிய இலக்கம், பதிவுச் சான்றிதழ்களின் மூலப்பிரதிகள் எல்லாம் உங்கள் வீட்டு அலுமாரியில் இருக்க வேண்டும். கணக்காளரிடம் நகல் போதும். திணைக்களத்தில் பதிந்துள்ள கைபேசி இலக்கமும் மின்னஞ்சலும் உங்களுடையவையா என்று பாருங்கள். பல இடங்களில் அது கணக்காளரின் இலக்கமாக இருப்பதால், நோட்டீஸ் வந்தது கடைக்காரருக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

படி 8: வாசிக்காமல் கையெழுத்து வைக்காதீர்கள்

இலாப நட்டக் கணக்கையும் ஐந்தொகையையும் (சொத்து, கடன் நிலையைக் காட்டும் தாள்) ஒவ்வொரு வரியாக விளக்கச் சொல்லுங்கள். அரை மணி நேரம் போதும். விவரத்திரட்டு உங்கள் பெயரில் போகிறது, பிழை இருந்தால் பொறுப்பும் உங்களுக்குத்தான். வங்கிக்கு ஒன்று, வரிக்கு ஒன்று என்று இரண்டு கணக்கு போட்டுத் தருகிறேன் என்பவரிடம் இருந்து அன்றைக்கே விலகுங்கள்.

படி 9: மாற வேண்டி வந்தால்

மூன்று மாதமாகத் தாள் வரவில்லை, அழைத்தால் எடுப்பதில்லை, தவணை தவறி அபராதம் வந்துவிட்டது என்றால் மாறத்தான் வேண்டும். சண்டை தேவையில்லை. கொடுக்க வேண்டிய கட்டணத்தைக் கொடுத்துவிட்டு, கடைசி மூன்று வருடக் கணக்குகள், அனுப்பிய விவரத்திரட்டுகளின் பிரதிகள், வரி கட்டிய பற்றுச்சீட்டுகள், ஈ.பி.எஃப் பதிவுகள், கடைசி மார்ச் 31 இருப்புப் பட்டியல் ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். பின் இலக்கத்தை மாற்றிவிட்டு, புதியவரிடம் இவற்றை ஒரே ஃபைலில் கொடுத்து, முதல் மாதத் தாள் எந்தத் தேதியில் வரும் என்று கேளுங்கள்.