சேலத்திலிருந்து பழவேற்காடு: டச்சுக்காரர்களின் ஊரை ஒரே நாளில் பார்ப்பது எப்படி

பழவேற்காட்டுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஏரியையும் பூநாரையையும் பார்த்து, வறுத்த இறாலைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். டச்சுக்காரர்கள் 17-ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கடற்கரைக்கே தலைமையிடமாக வைத்திருந்த ஊர் அது. 1690-இல்தான் தலைமையை நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள்.

நம் ஊரிலிருந்து போக வசதியானது ஏற்காடு எக்ஸ்பிரஸ்தான். இரவு சேலத்தில் ஏறிப் படுத்தால் விடிவதற்கு முன்பே சென்ட்ரல். பக்கத்திலேயே மூர் மார்க்கெட் வளாகத்தில் கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் பிடித்துப் பொன்னேரியில் இறங்குங்கள். காலை டிபனை அங்கேயே முடித்துக்கொண்டு பழவேற்காடு பஸ் ஏறலாம். கையில் கொஞ்சம் சில்லறையும் தண்ணீரும் இருக்கட்டும்.

எல்லோரும் முதலில் கோட்டை எங்கே என்றுதான் கேட்பார்கள். 1613-இல் கட்டிய கெல்ட்ரியா கோட்டை அது, ஆனால் சங்ககிரி மலைக்கோட்டையை ஏறிப் பார்த்த கண்ணோடு போனால் ஏமாந்துவிடுவீர்கள், ஏனென்றால் இப்போது இருப்பது புதரும் மேடும் அகழியின் தடமும்தான். வெடிமருந்து செய்ததும், அடிமைகளாகப் பிடித்த மனிதர்களைக் கப்பலேற்றி பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) அனுப்பியதும் இந்த ஊரிலிருந்துதான் என்று தெரிந்துகொண்டு நின்றால் அந்த மேடும் சும்மா மேடாகத் தெரியாது. பத்து நிமிடம் போதும்.

முதலில் போகவேண்டியது டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம், அதுவும் வெயில் ஏறுவதற்குள். வாசலில் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள் நிற்கும், ஒன்றிடம் மணற்கடிகாரம். உன் நேரமும் ஓடுகிறது தம்பி என்கிற மிரட்டல்தான், வேறென்ன! உள்ளே படுக்கைவாட்டில் பெரிய கற்பலகைகள், குடும்பச் சின்னங்கள், சுற்றிலும் பூவேலை. காலைச் சாய்வெயிலில் எழுத்துப் பள்ளங்களில் நிழல் விழுவதால் தேய்ந்துபோன வரியும் படிக்கக் கிடைக்கும். உச்சிவெயிலில் அதே கல் வெறும் பலகை. ரோமன் எழுத்துதான், எழுத்துக்கூட்டிப் பெயரைப் பிடித்துவிடலாம், 'ஆன்னோ' என்று வந்தால் அடுத்து வருவது வருடம். மற்றதைப் படம் எடுத்து வந்து மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுக்கொள்ளுங்கள். எழுத்து தெளிவாகட்டும் என்று சாக்பீஸ் தேய்ப்பது, எண்ணெய் பூசுவது எல்லாம் வேண்டவே வேண்டாம், தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். கேட் பூட்டியிருந்தால் பக்கத்துக் கடையில் விசாரியுங்கள்.

அப்புறம் ஊருக்குள் நடந்தால் டச்சுக்காரர்களுக்கு முந்தைய பழவேற்காடு தெரியும். ஆதிநாராயணப் பெருமாள் கோயில் செம்புரைக்கல்லில் கட்டியது; உள்ளே இராமாயணக் காட்சிகளை விரலளவுச் சிற்பங்களாகச் செதுக்கியிருக்கிறார்கள், அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தாலும் பரவாயில்லை. பள்ளிவாசல் ஒன்றில் சூரியக் கடிகாரம் உண்டு, தொழுகை நேரம் தவிர்த்து அனுமதி கேட்டுப் போங்கள். முஸ்லிம் பெண்கள் பனையோலையில் பின்னும் கூடைகளும் இங்கே பேர்போனவை.

படகுக்காரர் யாராவது கூப்பிட்டால் யோசியுங்கள். 2011 டிசம்பரில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள், அதற்குப் பிறகுதான் சுற்றுலாப் படகுக்குத் தடை போட்டார்கள்.

மதியம் மீன் சாப்பாடு சாப்பிட்டு, இருட்டுவதற்குள் பொன்னேரிக்குத் திரும்பிவிட்டால், அன்று இரவே சென்ட்ரலில் அதே ஏற்காடு எக்ஸ்பிரஸ். டிக்கெட்டை மட்டும் போக, வர இரண்டையும் சேர்த்தே போட்டுவிடுங்கள், சனி ஞாயிறில் கடைசி நேரத்தில் கிடைக்காது.