கார்கோ விமானத்தில் வேலை கிடைத்துவிட்டதா? ரேட்டை விடுங்கள், நாட்களை எண்ணுங்கள்

வேலை உறுதியானதும் எல்லோரும் முதலில் தேடுவது மணிக்கு எத்தனை டாலர் என்பதைத்தான். நானும் அதைத்தான் செய்தேன். அந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்து கடன், வாடகை, ஊருக்கு அனுப்பும் பணம் என்று பெரிய கணக்கெல்லாம் போட்டேன், இரண்டாவது மாதமே அது பொய்த்துப் போய்விட்டது. அமெரிக்காவில் சரக்கு விமானக் கம்பெனியில் புதிதாகச் சேரும் பைலட்டுக்கு நான் சொல்வது இதுதான்: மாதத்தில் எத்தனை நாள் வீட்டில் இருக்க மாட்டீர்கள், அந்த நாட்களில் எத்தனைக்குக் கம்பெனி காசு தருகிறது, இந்த இரண்டையும் முதலில் எண்ணுங்கள், ரேட் அப்புறம்.

ஊரிலிருந்து அடிக்கடி கேட்கிறார்கள் என்பதால் ஒரு வார்த்தை. இங்கே பெரிய கம்பெனிகளில் சேர, அமெரிக்காவில் வேலை செய்யும் உரிமை உங்கள் கையில் ஏற்கெனவே இருக்க வேண்டும். சென்னையிலிருந்து இயங்கும் ப்ளூ டார்ட் ஏவியேஷன் மாதிரியான இந்தியக் கம்பெனிகளுக்கு விதிகளே வேறு, அவற்றைப் பற்றி இங்கே பேசவில்லை.

சரி, சம்பளம். பறந்த மணிக்குத்தான் காசு என்று வெளியே இருப்பவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் புதியவரின் சம்பளத்தைத் தீர்மானிப்பது கேரண்டி, அதாவது விமானமே ஏறாவிட்டாலும் இத்தனை மணிக்குச் சம்பளம் உண்டு என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் குறைந்தபட்ச மணிநேரம். இரண்டு கம்பெனிகளிலும் மணிக்கு 100 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றில் 28 நாள் சுழற்சி, சுழற்சிக்கு 75 மணி கேரண்டி. வருடத்துக்கு 13 சுழற்சி, ஆக 975 மணி, 97,500 டாலர். இன்னொன்றில் மாதக் கணக்கு, மாதத்துக்கு 64 மணி. 12 மாதத்துக்கு 768 மணி, 76,800 டாலர். ரேட் ஒன்றுதான், இருபதாயிரத்துக்கு மேல் வித்தியாசம். வரவு செலவைக் கேரண்டியை வைத்துத்தான் போட வேண்டும், "எங்கள் ஆட்கள் மாதம் 90 மணி சம்பாதிக்கிறார்கள்" என்று வேலைக்கு எடுப்பவர் சொல்வதை வைத்து அல்ல. சரக்கு எப்போது குறையும் என்று யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. 2024 செப்டம்பர் கடைசியில் அமெரிக்கத் தபால் துறையின் விமான ஒப்பந்தம் ஃபெடெக்ஸிடமிருந்து யு.பி.எஸ். பக்கம் போனபோது, ஒரு ஒப்பந்தத்தோடு எத்தனை விமான மணிகள் இடம் மாறும் என்பதை எல்லோருமே பார்த்தோம்.

முதல் வருட ரேட் தனி என்பதையும் மறக்க வேண்டாம். பல கம்பெனிகளில் இரண்டாம் வருடத்தில் பெரிய ஏற்றம் உண்டு, அதுவரை வாயைக் கட்டி வயிற்றைக் கட்டித்தான் ஓட்ட வேண்டும். பயிற்சிக் காலத்தில் முழுக் கேரண்டி தருகிறார்களா, ஓட்டல் அறை அவர்கள் செலவா, இடையில் விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கேட்பார்களா என்று கையெழுத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள். கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்வார்களோ என்று நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன், வீண் மரியாதை.

அடுத்தது அட்டவணை. எல்லாம் சீனியாரிட்டிதான், அதாவது சேர்ந்த வரிசையில் கிடைக்கும் எண். ஒரே நாளில் சேர்ந்த வகுப்புக்குள்ளேயே யாருக்கு எந்த எண் என்பதற்குக் கம்பெனிக்குக் கம்பெனி ஒரு முறை, சில இடங்களில் வயதில் மூத்தவருக்கு முதல் எண். அந்த எண்ணை வைத்துத்தான் பிட் போடுவீர்கள், அதாவது எது வேண்டும் என்று வரிசைப்படி கேட்பீர்கள்: எந்த லைன் (பறக்கும் அட்டவணை), எந்த விடுமுறை, எந்த பேஸ் (உங்களுக்கு ஒதுக்கிய ஊர்), எந்த விமானம். புதியவருக்குப் பெரும்பாலும் மிச்சம்தான் கிடைக்கும். தேங்க்ஸ்கிவிங்கில் இருந்து கிறிஸ்துமஸ் வரை சரக்கு மலைபோலக் குவியும், அந்த வாரங்களில் லீவு என்ற நினைப்பையே இரண்டு மூன்று வருடங்களுக்குத் தள்ளிவைத்துவிடுங்கள். சிமுலேட்டர் தேர்வு முடிந்து 120 நாளுக்குள் அந்த விமானத்தில் 100 மணி நேரம் சேர்க்க வேண்டும் என்று அரசு விதி இருப்பதால், தொடக்கத்தில் சில வாரங்கள் நன்றாகவே பறக்க விடுவார்கள். அதைப் பார்த்து மயங்க வேண்டாம், அதற்குப் பிறகு ரிசர்வில், அதாவது போன் வந்தால் மட்டும் பறக்கும் காத்திருப்பில், உட்கார வைத்துவிடலாம்.

வேலையின் வடிவம் இரண்டு மாதிரி. ஃபெடெக்ஸ், யு.பி.எஸ். போன்றவற்றில் ஹப் உண்டு, ஒன்றுக்கு மெம்ஃபிஸ், மற்றதற்கு லூயிவில். மாலை மங்கிய பிறகு நாடு முழுவதிலுமிருந்து விமானங்கள் அங்கே வந்து இறங்கும், பெட்டிகளைப் பிரித்துப் போடும் இரண்டு மூன்று மணி நேரம் பைலட்டுகள் ஹப்பில் உள்ள தூங்கும் அறையில் படுக்கலாம், விடியுமுன் எல்லாம் மறுபடி கிளம்பிவிடும். அந்த அறையில் தூங்குவது ஒரு கலை. இருட்டில் பத்துப் பேருடைய செல்போன் பத்து வெவ்வேறு நேரத்தில் அதிரும், அதில் எது உங்களுடையது என்று தூக்கத்திலேயே தெரிந்துகொள்ளும் அளவுக்கு உடம்பு பழகிவிடும். இங்கே பல லைன்கள் ஒரு வாரம் வேலை, ஒரு வாரம் வீடு என்று வரும். மற்ற மாதிரி, பிறருக்காகப் பறக்கும் கம்பெனிகள். கலிட்டா ஏர் போன்றவற்றில் பேஸ் என்பது உங்கள் ஊர் விமான நிலையம்தான், அங்கிருந்து வேலை தொடங்கும் இடத்துக்குக் கம்பெனியே டிக்கெட் எடுத்துத் தரும். ஆனால் ஒருமுறை கிளம்பினால் இரண்டு வாரத்துக்கு மேல் வீட்டுப் பக்கம் வர முடியாது.

இப்போது நாட்களை எண்ணுவோம். பேஸுக்கு வேறு ஊரிலிருந்து வந்து போகிறவர் நீங்கள், ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் என்ற லைன். 28 நாளில் 14 நாள் வேலை, காகிதத்தில் அழகாகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு வாரத்துக்கும் முன்னால் ஒரு நாள் போக, பின்னால் ஒரு நாள் வர: 18 நாள் ஆகிவிட்டது. அந்த நான்கு நாளுக்குச் சம்பளமும் இல்லை, படியும் இல்லை. ஊரிலிருந்தே கிளம்பும் கம்பெனியில் 17 நாள் வேலை, 13 நாள் வீடு என்றால் முதலில் பயமாக இருக்கும், ஆனால் அந்த 17 நாளும் கம்பெனி கணக்கு, டிக்கெட்டும் கம்பெனி கணக்கு. பேஸிலேயே குடியேறிவிட்டால் முதல் வகைதான் சிறந்தது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ரிசர்வில் இருக்கும்போது வீட்டில் படுத்துக்கொண்டே போன் வருமா என்று பார்ப்பதும், வெளியூர்ப் பைலட்டுகள் பங்கு போட்டு வாடகைக்கு எடுக்கும், ஆறு கட்டில் போட்ட கிராஷ்பேடில் படுத்துப் பார்ப்பதும் ஒன்றல்ல. குடும்பத்தை நகர்த்த முடியாது என்றால்தான் மற்றதெல்லாம்.

முடியாது என்பவர்களுக்கு ஜம்ப்சீட். காக்பிட்டில் பைலட்டுகளுக்குப் பின்னால் உள்ள கூடுதல் இருக்கையில் மற்றக் கம்பெனி பைலட்டும் இலவசமாகப் போகலாம், பயணிகள் விமானத்தில் சீட் காலி இருந்தால் கேபினிலேயே உட்கார வைப்பார்கள். கேப்டன் சம்மதம் இல்லாமல் முடியாது, ஆகவே நேரில் போய்க் கேளுங்கள், இறங்கும்போது நன்றி சொல்லுங்கள். ஒருமுறை கதவு மூடப் பத்து நிமிடம் இருக்கும்போது, அந்த விமானக் கம்பெனியின் சொந்தப் பைலட் ஒருவர் வந்து என் இடத்தை எடுத்துக்கொண்டார், அது அவர் உரிமை. அடுத்த விமானத்துக்கு 400 டாலருக்கு மேல் கொடுத்து டிக்கெட் வாங்கினேன், அது என் முட்டாள்தனம், ஏனென்றால் நான் ஒரே ஒரு விமானத்தை நம்பிக் கிளம்பியிருந்தேன். எப்போதும் கையில் இரண்டாவது விமானம் இருக்கட்டும். அதுவும் தவறும் போலிருந்தால் கம்பெனியில் அட்டவணை பார்க்கும் ஷெட்யூலிங் பிரிவை உடனே கூப்பிடுங்கள், கடைசி நிமிடத்தில் கூப்பிட்டால் கெட்ட பெயர்தான், முதல் வருடம் புரொபேஷன் வேறு.

பலர் கவனிக்காத ஒரு வசதி டெட்ஹெட். சில டிரிப்புகள் நீங்கள் ஓட்டாமல், பயணியாக வேறு ஊருக்குப் போவதில் தொடங்கும். பேஸ் மெம்ஃபிஸ், வீடு டல்லாஸ், டிரிப் ஆங்கரேஜில் தொடங்குகிறது என்றால், மெம்ஃபிஸுக்கே போகாமல் டல்லாஸிலிருந்து நேராக ஆங்கரேஜ் போய்ச் சேரலாம், பெரிய கம்பெனிகளின் ஒப்பந்தங்களில், மெம்ஃபிஸிலிருந்து கம்பெனி எடுக்க வேண்டிய டிக்கெட்டுக்கான பணத்தை இதற்குப் பயன்படுத்தவும் வழி இருக்கிறது. நேரத்துக்குப் போய்ச் சேருவது மட்டும் உங்கள் பொறுப்பாகிவிடும். முன்னாலும் பின்னாலும் டெட்ஹெட் உள்ள டிரிப் கிடைத்தால் சம்பள மணி குறைந்த லைனாக இருந்தாலும் விடமாட்டேன்.

வரி விஷயத்திலும் வெளியூரில் இருப்பவருக்கு ஒரு ஆறுதல் உண்டு. விமானப் பணியாளர் சம்பளத்துக்கு, நீங்கள் குடியிருக்கும் மாநிலமும், சம்பளத்தில் பாதிக்கு மேல் எந்த மாநிலத்தில் சம்பாதிக்கிறீர்களோ அந்த மாநிலமும் மட்டுமே வருமான வரி கேட்க முடியும் என்று மத்தியச் சட்டம் சொல்கிறது. டெக்சாஸ், ஃப்ளோரிடா, டென்னசியில் சம்பளத்துக்கு மாநில வருமான வரி கிடையாது. ஆகவே லூயிவில்லில் பேஸ், டெக்சாஸில் வீடு என்ற பைலட்டிடம் கென்டக்கி பொதுவாக எதுவும் கேட்காது.

கடைசியில் தூக்கம், எனக்கு இதுதான் முக்கியம். 2009 பிப்ரவரியில் பஃபலோ அருகே கோல்கன் ஏர் 3407 என்ற பயணிகள் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதன் துணை பைலட் முந்தைய இரவு முழுக்க சியாட்டிலிலிருந்து மெம்ஃபிஸ் வழியாக நியூவார்க் வந்தவர், அதுவும் சரக்கு விமானத்தில் ஏறி. அந்த விபத்துக்குப் பிறகு 2014 ஜனவரி 4 முதல் ஓய்வு விதிகளைக் கடுமையாக்கினார்கள், ஆனால் சரக்கு விமானங்களை மட்டும் விட்டுவிட்டார்கள். நமக்குப் பெரும்பாலும் பழைய விதிகள்தான்: இரண்டு பைலட் என்றால் 24 மணி நேரத்தில் 8 மணி பறக்கலாம், 16 மணி நேரம் வரை டியூட்டி, 30 நாளில் 100 மணி, வருடத்துக்கு 1000. இதற்கு மேல் என்ன பாதுகாப்பு என்பது யூனியன் ஒப்பந்தத்தில் இருக்கிறது, அந்தப் பக்கங்களைச் சம்பளப் பக்கத்துக்கு முன்பே படியுங்கள். 2013 ஆகஸ்ட் 14 விடியுமுன் அலபாமாவின் பர்மிங்ஹாமில் யு.பி.எஸ். 1354 சரக்கு விமானம் விழுந்து இரண்டு பைலட்டுகளும் இறந்ததில், சோர்வும் ஒரு காரணம் என்று விசாரணை சொன்னது. முடியவில்லை என்றால் முடியவில்லை என்று போன் செய்யுங்கள், புரொபேஷனிலும்தான்.

பகலில் ஓட்டலில் தூங்கப் பழகியே ஆக வேண்டும். லிஃப்ட்டுக்கும் ஐஸ் மெஷினுக்கும் தள்ளி அறை கேளுங்கள், சுத்தம் செய்ய யாரும் வர வேண்டாம் என்று கீழேயே சொல்லிவிடுங்கள், கதவில் அட்டை மாட்டினாலும் தட்டுவார்கள். திரைச்சீலை இரண்டும் சேரும் இடத்தில் கத்தி மாதிரி ஒரு கோடு வெயில் வரும், சரியாகக் கண்மேல் விழும். அலமாரியில் பேண்ட் மாட்ட கிளிப் வைத்த ஹேங்கர் இருக்கும், அதை எடுத்துத் திரையைச் சேர்த்துக் கவ்விவிட்டால் இரவுதான். கிளிப் இல்லாத ஹேங்கர் வைத்திருக்கும் ஓட்டல்களும் உண்டு, அதனால் துணி காயப்போடும் கிளிப் இரண்டு எப்போதும் பையிலேயே கிடக்கட்டும்.